பெரிய போராட்டத்துக்கு முன்னால் நிற்கிறேன், ஜெபிக்க வார்த்தை வரவில்லை

குடியாத்தம்_அக்கா · ஞாயிறு, இரவு 10:50

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதியது ரெண்டு மூன்று தடவைதான். இன்றைக்கு எழுதாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது. நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பிக்கு 31 வயது. இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். விடியற்காலையில் பஸ் ஏறி வேலூர் போனால் திரும்பி வர மத்தியானம் தாண்டிவிடும், வந்து படுத்தால் அன்றைக்கு முழுக்க எழுந்திருக்க மாட்டான். ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று அளவு வைத்திருக்கிறார்கள். நம்ம ஊர் மே மாசத்து வெயிலில் அந்தச் சின்ன பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இடது கையில் ஊசி போடுவதற்காக இரண்டு ரத்தக் குழாயை இணைத்து வைத்திருக்கிறார்கள், ஃபிஸ்துலா என்பார்கள். அதன் மேல் விரல் வைத்தால் உள்ளே தேனீ சுற்றுகிற மாதிரி அதிரும். அந்த அதிர்வு நின்றால் உடனே ஓடி வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் தினமும் காலையில் பால் வாங்கப் போகும்போது அம்மா வீட்டுக்குள் நுழைந்து, தூங்குகிறவன் கையில் விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன்.

அப்பா இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை, சிறுநீரகம் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். எனக்குப் பொருந்திவிட்டது. அடுத்த வாரம் வியாழக்கிழமை ஆபரேஷன், இன்னும் 11 நாள்.

நான் விருப்பப்பட்டுத்தான் கொடுக்கிறேன். கமிட்டியில் என்னைத் தனியாக உட்கார வைத்து, யாராவது கட்டாயப்படுத்தினார்களா, பணம் ஏதாவது பேசினார்களா என்று துருவித் துருவிக் கேட்டார்கள். இல்லை என்று சொல்லித்தான் கையெழுத்துப் போட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்தால் மாமியார் பேசி 12 நாள் ஆகிறது. எனக்கு ரெண்டு பிள்ளைகள், சின்னவளுக்கு ஆறு வயது. காப்பீட்டு அட்டை போக மீதிப் பணத்துக்கு நகையை பேங்கில் வைத்தாயிற்று. ராத்திரி படுத்தால் ஆபரேஷன் மேசையில் நானே கிடப்பது தெரிகிறது.

இன்று காலை ஆராதனையில் யூதா தேசத்து யோசபாத் ராஜாவைப் பற்றிப் பிரசங்கம், வேதத்தில் 2 நாளாகமம் 20. பாட்டுப் பாடியே யுத்தத்தை ஜெயித்தார்கள் என்று சொன்னார்கள். எனக்குப் பாட வரவில்லை, பயம்தான் வருகிறது. முழங்கால் போட்டால் "ஆண்டவரே" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. இது விசுவாசக் குறைவா? இந்த மாதிரி நேரத்தில் நீங்கள் என்ன சொல்லி வேண்டினீர்கள்? எந்த மதமாக இருந்தாலும் சொல்லுங்கள்.

---

ஓய்வுபெற்ற_வாத்தியார் · திங்கள், காலை 6:15

அம்மா, உங்கள் பதிவை ராத்திரியே படித்தேன், காலையில் வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ராணிப்பேட்டையில் 34 வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவன், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே வரும்.

அந்த அதிகாரத்தை மறுபடி படியுங்கள். மோவாபியரும் அம்மோனியரும் சேர்ந்து வருகிறார்கள் என்று ஆள் வந்து சொல்கிறான். வருகிறார்கள் கூட இல்லை, எங்கேதிக்கே வந்துவிட்டார்கள். எங்கேதி சவக்கடலின் மேற்குக் கரை, எருசலேமிலிருந்து ஏறக்குறைய நம்ம வேலூர் குடியாத்தம் தூரம்தான். கேட்டதும் ராஜா என்ன செய்தான்? பயந்தான். மூன்றாவது வசனத்தில் அப்படியே எழுதியிருக்கிறது. பயந்துதான் கர்த்தரைத் தேட முகத்தைத் திருப்பினான். பயம் போன பிறகு ஜெபிக்கலாம் என்று அவன் காத்திருக்கவில்லை.

இன்னொன்று, இதைப் பிரசங்கங்களில் அதிகம் சொல்வதில்லை. மூன்று அதிகாரம் முன்னால், 17இல், அவனுடைய படைக் கணக்கு இருக்கிறது, லட்சக்கணக்கில். கோட்டை கட்டியிருக்கிறான், பட்டணங்களில் காவல் படை வைத்திருக்கிறான். அவ்வளவும் வைத்திருந்தவன் ஆலயப் பிரகாரத்தில் எல்லார் முன்னாலும் நின்று, எங்களுக்குப் பெலனில்லை, "நாங்கள் செய்யவேண்டியது இன்னதென்று எங்களுக்குத் தெரியவில்லை", எங்கள் கண்கள் உம்மையே நோக்கிக்கொண்டிருக்கிறது என்கிறான். ஒரு ராஜா ஜனங்கள் முன்னால் எனக்குத் தெரியவில்லை என்று சொல்வது சாதாரணமா? நீங்கள் "ஆண்டவரே" என்று சொல்லி நின்றுவிடுகிறீர்களே, அவன் ஜெபமும் கடைசியில் அந்த இடத்துக்குத்தான் வந்து நிற்கிறது. உங்கள் ஜெபம் குறைந்துபோனது என்று நான் நினைக்கவில்லை.

அடுத்த வசனத்தில், குழந்தைகளும் பெண்களும்கூடக் கர்த்தருக்கு முன்பாக நின்றார்கள் என்று இருக்கிறது. அவர்கள் எதையும் சொன்னதாக இல்லை, நின்றார்கள், அவ்வளவுதான்.

அப்புறம்தான் யகாசியேல் என்கிற லேவியன், ஆலய ஊழியம் செய்கிறவன், எழுந்து, இந்த யுத்தம் உங்களுடையதல்ல, தேவனுடையது என்கிறான். இந்த வரியை எல்லா வீட்டுச் சுவரிலும் பார்க்கலாம். ஆனால் அதற்கு அடுத்த வரி, நாளைக்கு அவர்களுக்கு விரோதமாகப் போங்கள். எந்த மேட்டு வழியாக அவர்கள் ஏறி வருவார்கள், எங்கே போய் நிற்கவேண்டும் என்று இடம் உட்படச் சொல்லுகிறான். யுத்தம் தேவனுடையது, ஆனால் விடியற்காலையில் எழுந்து வனாந்தரம் வரை நடந்து போக வேண்டியது அவர்கள். பாட்டெல்லாம் அதற்குப் பிறகு, நடக்கிறபோது. வீட்டிலிருந்தபடியே யாரும் ஜெயிக்கவில்லை. நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், பரிசோதனை எல்லாம் முடித்திருக்கிறீர்கள். என் கணக்கில் நீங்கள் பாதி வழி நடந்துவிட்டீர்கள்.

இதே அதிகாரத்தின் கடைசியில் யோசபாத் தப்பான கூட்டாளியோடு சேர்ந்து கப்பல் கட்டி, அந்தக் கப்பல்கள் உடைந்துபோனதும் எழுதியிருக்கிறது. ஆள் குறையில்லாதவன் என்பதால்தான் அவன் ஜெபம் கேட்கப்பட்டது என்று எனக்குப் படவில்லை.

---

மேல்விஷாரம்_பாய் · திங்கள், காலை 9:40

சகோதரி, அஸ்ஸலாமு அலைக்கும். எந்த மதமாக இருந்தாலும் என்று நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன்.

பத்ரு யுத்தம், ஹிஜ்ரி 2, ரமலான் 17. முஸ்லிம்கள் 313 பேர் என்று சொல்வோம், எதிரே ஆயிரம் பேர் அளவுக்கு. நபி அவர்கள் முதலில் தண்ணீர்க் கிணற்றை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வது என்று தோழர் சொன்ன யோசனையைக் கேட்டு இடத்தை மாற்றினார்கள், அணிகளை நேராக நிறுத்தினார்கள், அதெல்லாம் முடிந்த பிறகு கூடாரத்தில் போய்க் கையேந்தினார்கள். எவ்வளவு நேரம் என்றால், ஏந்திய கையோடு தோளிலிருந்த போர்வை நழுவி விழுந்துவிட்டது, அபூபக்கர் எடுத்து மறுபடி போர்த்திவிட்டார்கள். வாத்தியார் ஐயா சொன்னதுதான் இங்கேயும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்பு என்கிற ஹதீஸ், நபிமொழி, எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

என் அத்தாவுக்கு பைபாஸ் நடந்த ராத்திரி நான் தோல் ஷெட்டிலிருந்து வேலை உடுப்போடு ஓடி வந்தவன். குர்ஆனில் தெரிந்த அத்தனை சூராவும் மறந்துபோனது. தாலூத்தின் (உங்கள் வேதத்தில் சவுல்) படை ஜாலூத்தை (கோலியாத்) எதிர்த்து நின்றபோது கேட்ட துஆ, வேண்டுதல், மட்டும் நினைவில் இருந்தது. எங்கள் மீது பொறுமையைப் பொழிவாயாக, எங்கள் பாதங்களை உறுதிப்படுத்துவாயாக. அல் பகராவில் 250ஆவது வசனம். லிஃப்ட் பக்கத்தில் செருப்பில்லாமல் நின்றுகொண்டு காலை ஆறு மணி வரை அதையே சொன்னேன், வேறு எதுவும் சொல்லவில்லை. முதலில் பொறுமையைக் கேட்டார்கள், அடுத்து கால் நடுங்காமல் நிற்கக் கேட்டார்கள், ஜெயிக்க உதவி கேட்டது அதற்கும் பிறகு. அந்த வரிசை அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

ஒரே வரியை வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

---

குடியாத்தம்_அக்கா · திங்கள், மதியம் 2:05

ஐயா, பாய், ரெண்டு பேருக்கும் நன்றி. பயந்தான் என்ற வசனத்தை அடிக்கோடு போட்டு வைத்தேன். இத்தனை வருடம் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறேன்.

---

முழு_விசுவாசம் · திங்கள், இரவு 8:30

சகோதரி, எல்லோரும் உங்களை ஆறுதல்படுத்துகிறார்கள், நான் உண்மையைச் சொல்கிறேன். யுத்தம் தேவனுடையது என்றால் கத்தி எதற்கு? மனுஷன் கையை நம்பிப் போகிறவர்கள் எப்படித் தேவனை நம்புகிறோம் என்று சொல்ல முடியும்? ஒரு மாதம் ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமல் உபவாசத்தோடு காத்திருக்கச் சொல்லுங்கள். எண்ணெய் பூசி ஜெபித்துக் கிட்னி திரும்பி வந்தவர்களை நான் அறிவேன். ஆபரேஷனைத் தள்ளிப் போடுங்கள்.

---

இரவுப்பணி_நர்ஸ் · திங்கள், இரவு 9:12

அக்கா, மேலே இருக்கிற பதிவைத் தயவுசெய்து உங்கள் தம்பி கண்ணில் காட்டாதீர்கள்.

ஒரு மாதம் டயாலிசிஸ் இல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று நான் எழுதுகிறேன், இதை எழுதியவரும் படிக்கட்டும். சிறுநீரகம் முழுதாக நின்றவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், ஏறி இதயத் துடிப்பைக் கெடுக்கும். வெளியேறாத தண்ணீர் நுரையீரலில் தேங்கும், படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சுக்குத் திணறுவார்கள். இதற்கு மாதம் தேவையில்லை, பல பேருக்குச் சில நாளே போதும். இப்படி ஒரு பேச்சைக் கேட்டு டயாலிசிஸை விட்டுவிட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு ஆட்டோவில் கொண்டுவந்த பையன் ஒருவனை நான் ஸ்ட்ரெச்சரில் ஏற்றியிருக்கிறேன். அவன் பெயர் இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

நானும் ஜெபிக்கிறவள்தான். ஷிஃப்ட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னால் ஜெபிக்காமல் வார்டுக்குள் நுழைய மாட்டேன். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை ஆரம்பித்த ஐடா ஸ்கடர் அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து பிரசவத்தில் தவிக்கிற மனைவியைக் காப்பாற்றக் கூப்பிட்டார்கள், ஆண் டாக்டரான அவருடைய அப்பாவை உள்ளே விட மாட்டோம் என்றார்கள், மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஜெபித்த ஐடாவுக்குக் கிடைத்த பதில் எது? அமெரிக்கா திரும்பிப் போய் டாக்டருக்குப் படி என்பது. 1899இல் பட்டம் வாங்கி, 1900இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்தார். அந்தப் படுக்கையிலிருந்து வளர்ந்த இடத்தில்தான் 1971இல் இந்தியாவிலேயே முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தது. ஜெபத்துக்குப் பதிலாகக் கத்தி வரக்கூடாது என்று யார் சொன்னது?

---

ஓய்வுபெற்ற_வாத்தியார் · செவ்வாய், காலை 5:50

கோபத்தில் எழுதக்கூடாது என்று ராத்திரி எழுதவில்லை.

முழு விசுவாசம் என்று பெயர் வைத்திருக்கிற தம்பிக்கு: 2 இராஜாக்கள் 20. யூதா ராஜா எசேக்கியா சாகக் கிடக்கிறான், சுவர்ப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறான். உன்னைக் குணமாக்குவேன், பதினைந்து வருஷம் கூட்டுவேன் என்று கர்த்தரே சொல்லி அனுப்புகிறார். வாக்கு வந்தாயிற்று. அதற்கு அடுத்தபடி ஏசாயா தீர்க்கதரிசி என்ன சொன்னார்? அத்திப்பழத்து அடையைக் கொண்டுவாருங்கள் என்றார். கொண்டுவந்து பிளவையின் மேல், அந்தக் கட்டியின் மேல், பற்றுப் போட்டார்கள், பிழைத்தான். கர்த்தர் வாய் திறந்து சொன்ன பிறகும் மருந்து வைத்தார்கள் தம்பி.

அம்மா, எசேக்கியா என்றதும் உங்களுக்கு இன்னொன்று சொல்லத் தோன்றுகிறது. அதற்கு முந்திய அதிகாரத்தில் அசீரியா ராஜா சனகெரிப்பிடமிருந்து மிரட்டல் கடிதம் வருகிறது. எந்த நாட்டுத் தெய்வமும் என் கைக்குத் தன் நாட்டைத் தப்புவிக்கவில்லை, உன் தெய்வம் எம்மாத்திரம் என்கிற கடிதம். எசேக்கியா அதை வாசித்தான், ஆலயத்துக்கு எடுத்துக்கொண்டு போனான், கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்தான். அப்படியே விரித்து, நீரே பாரும் என்றான். அதே எசேக்கியாதான் ஊருக்கு வெளியே இருந்த ஊற்றுகளை அடைத்து, மலைக்குள்ளே பாறையைக் குடைந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தவன். ரெண்டு பக்கத்திலிருந்தும் குடைந்து நடுவில் சந்தித்தார்கள், 500 மீட்டருக்கு மேல் நீளம், இன்றைக்கும் போகிறவர்கள் அதற்குள் நடக்கிறார்கள். அவன் மண்வெட்டியையும் எடுத்தான், கடிதத்தையும் விரித்தான்.

உங்களிடம் கடிதம் இல்லை. ஃபைல் இருக்கிறதே.

---

வழித்துணை · செவ்வாய், இரவு 11:25

விரிஞ்சிபுரத்துக்காரன், லாரி ஓட்டுகிறேன். ஓசூரில் லோடு இறக்கக் காத்திருக்கிறேன், அதனால் நேரம் இருக்கிறது. நமக்கு வேதமெல்லாம் தெரியாதுக்கா, நம்ம ஊர் சாமி கதை தெரியும்.

மிளகு மூட்டை ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரத்துக்குப் போன வியாபாரி ஒருத்தர், வழியில் கள்ளர் பயம், விரிஞ்சிபுரத்தில் இறங்கி, சாமி நீதான் துணைக்கு வரணும், லாபத்தில் உனக்குப் பங்கு தருகிறேன் என்று வேண்டிக்கொண்டார். ஒரு வீரன் குதிரையில் கூடவே வந்தான், கள்ளரை விரட்டினான், ஊர் சேர்த்தான், அப்புறம் ஆளைக் காணோம். அதிலிருந்து சாமிக்கு வழித்துணைநாதர் என்று பேர், மார்க்கபந்தீஸ்வரர். நம்ம பக்கத்து அப்பைய தீட்சிதர் அந்தச் சாமி மேல் பாடிய ஸ்தோத்திரத்தைத் தூர தேசத்துக்குப் போகிறவர்கள் இன்றைக்கும் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார்கள்.

நான் 19 வருடமாக ஹைவேயில் போகிறேன், ஊர் எல்லை தாண்டும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் கும்பிடாமல் போனதில்லை. என் மனசில் பட்டதைச் சொல்கிறேன். சாமிக்கு வழித்துணை என்று பேர் வைத்தார்களே தவிர, வழியே இல்லாமல் செய்கிறவர் என்று பேர் வைக்கவில்லை. வழியில் கள்ளரும் இருந்தார்கள், காடும் இருந்தது, வியாபாரி போய்த்தான் ஆகவேண்டும். கூட ஒருத்தர் வந்தார், அவ்வளவுதான் கதை. நீங்கள் ஆபரேஷன் தியேட்டருக்குள் போகிறபோது வீட்டுக்காரர், அம்மா எல்லாரும் கதவோடு நின்றுவிடுவார்கள். கதவுக்கு அந்தப் பக்கமும் வருகிறவரைக் கூப்பிடுங்கள், எந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் சரி.

வியாழக்கிழமை எங்கே இருந்தாலும் உங்களுக்காக ஒரு கற்பூரம் ஏற்றுகிறேன்.

---

பாலாற்றங்கரை · புதன், இரவு 1:30

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசித்தேன். அக்காவைப் பயமுறுத்த எழுதவில்லை.

என் அப்பாவுக்குக் கல்லீரல். ஒன்பது மாதம். நாங்கள் வேண்டாத தெய்வம் இல்லை. அம்மா சோளிங்கர் மலைப்படி ஆயிரத்துக்கு மேல், வீங்கிய காலோடு ஏறினாள். பக்கத்து வீட்டு அக்கா சர்ச்சில் பேர் எழுதிக் கொடுத்தார்கள், கூட வேலை செய்த பாய் தர்காவிலிருந்து தாயத்து கொண்டுவந்து கட்டினார். அப்பா போய்விட்டார். பாலாற்று மணலில் எரித்துவிட்டு வந்த அன்றைக்குப் பூஜை அறைக் கதவைச் சாத்தினேன், மூன்று வருடம் திறக்கவில்லை. யோசபாத் ஜெயித்தார், எசேக்கியா பிழைத்தார், வியாபாரி ஊர் போய்ச் சேர்ந்தார். ஜெயித்தவர்கள் கதையைத்தானே எல்லோரும் சொல்கிறீர்கள். வேண்டியும் போய்ச் சேராதவன் வீட்டில் என்ன சொல்வீர்கள்?

அக்கா, உங்களுக்கு ஒன்றே ஒன்று. ஆபரேஷன் நல்லபடியாக நடந்தால் இதைச் செய்கிறேன் என்று பேரம் பேசி வேண்டாதீர்கள். நான் பேசினேன். நடக்காமல் போனபோது ரெண்டு துக்கம், அப்பாவும் போனார், சாமியும் போனது.

---

ஓய்வுபெற்ற_வாத்தியார் · புதன், காலை 6:40

தம்பி, உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. என் மூத்த மகளை 22 வயதில் பறிகொடுத்தவன் நான், அதற்கும் முழங்கால் தேய ஜெபித்தேன். அதற்குப் பிறகும் ஜெபிக்கிறேன், ஏன் என்று கேட்டால் ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. அவள் போன அன்றைக்குக் கூட நின்றவர்களை என்னால் மறக்க முடியவில்லை, அதில் ஒருவர் கர்த்தர் என்று எனக்குத் தோன்றியது. இதைச் சொல்லி உங்களை ஒத்துக்கொள்ள வைக்கப் பார்க்கவில்லை. ராணிப்பேட்டை பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள், டீ குடித்துக்கொண்டு பேசலாம்.

---

வழித்துணை · புதன், காலை 8:15

அண்ணா, அப்பா விஷயம் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் நேர்த்திக்கடனைப் பேரம் என்று சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் வீட்டில் பாட்டி சொல்வார், நடந்தாலும் செய், நடக்காவிட்டாலும் செய், வேண்டிக்கொண்டது உன் வார்த்தை, அதைக் காப்பாற்று என்று. கார்த்திகைக் கடைஞாயிறுக்கு எங்கள் ஊர்க் குளத்தில் பிள்ளை வரம் கேட்டு முங்குகிற பெண்களில் பிள்ளை பிறக்காமலே வருடா வருடம் வருகிறவர்களும் உண்டு, அவர்கள் முகத்தைப் பார்த்திருக்கிறேன். பேரம் என்றால் ரெண்டாவது வருடமே நின்றிருப்பார்கள் அண்ணா.

---

பாலாற்றங்கரை · புதன், காலை 8:50

உங்கள் பாட்டி சொன்னது சரி. அப்படி வேண்டிக்கொள்ள எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

---

குடியாத்தம்_அக்கா · அடுத்த திங்கள், இரவு 11:10

நாளைக்கு அட்மிஷன். எல்லாவற்றையும் படித்தேன், பாலாற்றங்கரை தம்பி எழுதியதை மூன்று தடவை. தம்பி, நீங்கள் என்னைப் பயமுறுத்தவில்லை. எனக்குள் இருந்த பயத்தைத்தான் நீங்கள் எழுதினீர்கள், அது வெளியே வந்தது நல்லதாகப் போயிற்று.

இன்று ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு ஃபைலை எடுத்து ஹாலில் பாய் மேல் விரித்து வைத்தேன். ஒன்றொன்றாக. ரத்தம் பொருந்துகிற ரிப்போர்ட், என் சிறுநீரகத்தின் ஸ்கேன், கமிட்டிக்கு எடுத்த போட்டோ, சம்மதப் பத்திரம், அடகுச் சீட்டு, கடைசியில் சின்னவள் ஏதோ ஒரு ரசீதுக்குப் பின்னால் வரைந்த பூ. அதையும் எடுக்காமல் அப்படியே வைத்தேன். நடுவில் உட்கார்ந்து, எனக்குப் பெலன் இல்லை, என்ன செய்யவேண்டும் என்று தெரியவில்லை, நீரே பாரும் என்றேன். அவ்வளவுதான் வந்தது, அதுவே கொஞ்ச நேரம் போதுமாக இருந்தது.

சத்தம் கேட்டு மாமியார் எழுந்து வந்தார். கதவருகே நின்று காகிதங்களை எல்லாம் பார்த்தார். 20 நாளாகப் பேசாதவர், "இன்னா இது, இந்நேரத்துல கடை பரப்பிக்கினு" என்றார். சொன்னேன். உட்கார்ந்து, கீழே காற்றில் நகர்ந்த ஸ்கேன் தாளின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவர் எங்கள் சர்ச் இல்லை, கெங்கையம்மனைக் கும்பிடுகிறவர், என் கல்யாணத்திலேயே அது ஒரு பிரச்சினையாக இருந்தது. ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசவில்லை. எழுந்து போகும்போது, "பசங்கள நான் பாத்துக்கறேன், நீ போய் வா" என்றார்.

பாட்டு இன்னும் வரவில்லை ஐயா. பாதங்களை உறுதிப்படுத்தும் என்ற வரியைப் பாயிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

---

மேல்விஷாரம்_பாய் · அடுத்த திங்கள், இரவு 11:30

அது உங்களுடையதும்தான் சகோதரி. வியாழன் ஃபஜ்ர், விடியற்காலைத் தொழுகையிலிருந்து உங்கள் ரெண்டு பேருக்காகவும் துஆ.

---

இரவுப்பணி_நர்ஸ் · செவ்வாய், காலை 7:05

அக்கா, நகை, மெட்டி எல்லாம் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள், அங்கே போய்க் கழற்றினால் மனசு கலங்கும். தலைக்கு ரப்பர் பேண்ட் ரெண்டு எடுத்துக்கொள்ளுங்கள். மயக்கம் கொடுக்கும்போது எண்ணச் சொல்வார்கள், எண்ணுவதற்குப் பதிலாக உங்கள் வரியைச் சொன்னாலும் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

---

குடியாத்தம்_அக்கா · 16 நாள் கழித்து, மாலை 5:20

எழுதத் தாமதம் ஆகிவிட்டது, மன்னியுங்கள். நான் அஞ்சாம் நாளே வெளியே வந்துவிட்டேன். இருமினால் வலிக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறேன்.

தம்பிக்குப் பழைய ரெண்டையும் எடுக்கவில்லை, என்னுடையதை அடிவயிற்றில் வலது பக்கம் வைத்திருக்கிறார்கள். தியேட்டரிலேயே சிறுநீர் வர ஆரம்பித்துவிட்டது என்று டாக்டர் வெளியே வந்து சொன்னாராம், நான் மயக்கத்தில் இருந்தேன். ஆனால் எல்லாம் நேராகப் போகவில்லை. சிறுநீரகம் வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறுகிற கழிவு, கிரியாட்டினின், 9.8 இருந்தது, நாலாம் நாள் 2.6க்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. உடம்பு ஏற்கவில்லையோ என்று சின்னத் துண்டு எடுத்துச் சோதிக்கிற பயாப்சி செய்யலாமா என்கிற பேச்சு வந்தது. அந்த ரெண்டு நாள் ஆபரேஷனைவிடக் கஷ்டம். பொறுமையைப் பொழியும், பொறுமையைப் பொழியும் என்று வராந்தாவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அங்கே எங்களைப் போலவே ஒரு வங்காளக் குடும்பம், அந்த அம்மாவுக்கு என் பாஷை தெரியாது, என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் பாஷையில் ஏதோ சொன்னார், நான் ஆமென் என்றேன். கடைசியில், உடம்பு புதுச் சிறுநீரகத்தை எதிர்க்காமல் இருக்கத் தருகிற டாக்ரோலிமஸ் மாத்திரையின் அளவு ரத்தத்தில் அதிகமாக இருந்திருக்கிறது, குறைத்தார்கள், இறங்கத் தொடங்கியது. இன்று காலை 1.5.

பாலாற்றங்கரை தம்பி, ஜெயித்தவர்கள் கதை என்றீர்களே, எங்கள் கதை முடியவில்லை. மாத்திரை ஆயுள் முழுக்க. நாளைக்கே எதுவும் ஆகலாம் என்று அவர்களே சொல்லித்தான் அனுப்பினார்கள். உங்கள் அப்பாவுக்காக அந்த வராந்தாவில் ஒரு நாள் ஜெபித்தேன், என்ன சொல்லி ஜெபிப்பது என்று தெரியாமலே.

---

இரவுப்பணி_நர்ஸ் · அதே நாள், மாலை 6:00

1.5! அக்கா, அழுதுவிட்டேன். மாத்திரை 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை, மணி தவறக்கூடாது, போனில் அலாரம் வையுங்கள். பம்பிளிமாஸ் பழம் கூடவே கூடாது, அந்த மருந்தின் அளவை ஏற்றிவிடும். கூட்டத்துக்கு முகக்கவசம் இல்லாமல் போகவேண்டாம்.

---

பாலாற்றங்கரை · அதே நாள், இரவு 9:45

படித்தேன் அக்கா. நேற்று ராணிப்பேட்டை போய்விட்டு வந்தேன். வாத்தியார் வீட்டில் டீ நன்றாக இருந்தது.

---

குடியாத்தம்_அக்கா · அதே நாள், இரவு 10:30

தம்பி இப்போது வேலூரில் வாடகை அறையில்தான் இருக்கிறான், வாரத்துக்கு ரெண்டு தடவை காட்டவேண்டும். அங்கே போனால் தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று திட்டுகிறார்கள், ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் கணக்கு. சாயங்காலம் பெரிய சொம்பை எடுத்து என் முன்னாலேயே மடமடவென்று குடித்தான், சட்டையெல்லாம் நனைந்தது, கீழே வைத்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டான். நான் போய்ப் பிடித்துக் கொடுத்தேன். பழக்க தோஷம், கொடுக்கிறபோது அவன் இடது கையில் விரல் வைத்துப் பார்த்தேன். தேனீ இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.